ஈயக்கை இனாயத்

ஈயக்கை இனாயத் கட எங்க கீதுன்னு கேட்ட இல்ல? நில்லு. வழி அப்பால சொல்றேன். மெத்த எங்கயும் ஓடிப்போவாது. இப்பிடி நிழலுக்கு வா, குந்து.

அந்தப் பேர மயிலாப்பூர் பூரா பரப்பினது யாருன்னு தெரியுமா உனக்கு? நான்தான். லஸ் முனையாண்ட ஜட்கா வண்டி ஓட்டுற பஞ்சாட்சரத்தோட பொஞ்சாதி சுலோச்சனா. அஞ்சு வருஷம் அந்த மனுஷன வாயாலயே அடிச்சேன். கொழாயடியில, மார்க்கெட்டுல, கால்வா ஓரம் துணி தோய்க்கிற கல்லாண்ட, நாலு பேரு கூடின எடத்துல எல்லாம் அவன் மானத்த வாங்காம ஊட்டுக்குத் திரும்பினது இல்ல. அதனால அவன் கதைய சொல்ல வேண்டியதும் நான்தான். குறுக்க பேசாம கேளு.

இனாயத்துக்கு அப்பவும் தொழிலு மெத்த தைக்கிறதுதான். மாம்பலம் ஏரிய தூத்து தியாகராய நகரு எழும்பிக்கினு இருந்த நேரம். புது பங்களாவுக்கு எல்லாம் மெத்த வேணும் இல்ல? விடிஞ்சதுலேருந்து வில்லு வெச்சி பஞ்சு கொட்டுவான். சாயங்காலம் ஆச்சின்னா குத்துச்சண்ட. புருவத்துல பஞ்சு ஒட்டிக்கினு சண்ட மேடைய சுத்திக் கட்டின கயித்துக்குள்ள ஏறுவான், ஜனம் கெக்கெக்கேன்னு சிரிக்கும். மொத குத்து உட்டதும் சிரிப்பு நின்னுடும். அவ்ளோ வேகம் அந்தத் தோளு.

எங்கூட்டுக்காரரும் லேசுப்பட்ட ஆளு இல்ல. அந்த ரெண்டு பேருக்கும்தான் போட்டியே. ரோட்டுல பாத்தா பீடி வாங்கிக் குடுத்துப்பாங்க, கயித்துக்குள்ள எறங்கினா கொலகாரனுங்க மாதிரி அடிச்சிப்பாங்க.

எங்க பக்கத்து சண்டையில ஒரு மொற கீது. அத்த நல்லா கேட்டுக்கோ. அவனவன் கிளவுசு கயித்த அவனவன் ஆளு கட்டக் கூடாது. எதிராளி சம்மதிச்ச ஆளு ஒருத்தன் வந்து, வெறுங்கைய திருப்பித் திருப்பிப் பாத்து, கிளவுச அமுக்கிப் பாத்து, கையில மாட்டி கயிறு கட்டணும். சண்ட முடிஞ்சதும் கட்டின ஆளேதான் அவுக்கணும். அவுத்துட்டு ரெண்டு கையையும் தூக்கி நாலு பக்கமும் ஜனத்துக்குக் காட்டணும். உள்ள ஒரு கள்ளத்தனமும் இல்லன்னு ஊரு பாக்கணும். நின்னுக்கினு கீறவன் கையத்தான் தூக்குவாங்க, உழுந்து கெடக்கிறவன் கைய யாரும் சீந்த மாட்டாங்க. மணி மூணு வாட்டி அடிக்கிறதுக்குள்ள ஒருத்தனுக்குக் கயிறு கட்ட ஆளு வரலன்னா, அவன் எறங்கிப் போயிட வேண்டியதுதான்.

முப்பதாம் வருஷம் தை மாசம், மாங்கொல்லை மைதானத்துல போட்டி. நடத்தினவரு வேதாந்தம் சாமி. வக்கீல் குமாஸ்தா, மாடவீதிக்காரரு, சண்டைன்னா சோறு தண்ணி வேணாம் அவருக்கு. அவராண்ட இருந்ததே ரெண்டு ஜோடி கிளவுசு. உள்ள அடைச்ச குதிர மயிரு வேர்வ குடிச்சி நாறிக்கினு இருந்திச்சி. "மெத்தக்காரன் நீதானேடா, ரெண்டு ஜோடியையும் பிரிச்சு புதுசா அடைச்சுக் கொண்டா"ன்னு இனாயத் கையில குடுத்தாரு. அவனும் அடைச்சாந்தான். ஒரு ஜோடி அவனுக்கு, ஒரு ஜோடி எங்கூட்டுக்காரருக்கு.

பொம்பளைங்க நாங்க கோதாகிட்ட போவ மாட்டோம். வேலிக்கு வெளிய வண்டிய நிறுத்தி அது மேல நின்னுக்கினு பாத்தேன். அஞ்சாவது ரவுண்டு. இனாயத்தோட வலது கை வந்திச்சி, அவ்ளோதான் எனக்குத் தெரியும். எங்கூட்டுக்காரரு மொகத்தப் பொத்திக்கினு சுருண்டு உழுந்தாரு. வெரலு சந்துல ரத்தம். நான் வண்டியிலேருந்து குதிச்சதுல கணுக்காலு பெசகிப் போச்சி, அது கூட ராத்திரிதான் வலிச்சிது.

இனாயத்துக்குக் கயிறு கட்டினவன் எங்க பக்கத்து ஆளு. அவன் அவுக்காம எங்கூட்டுக்காரராண்ட ஓடிட்டான். இனாயத் இன்னா பண்ணான்னா, பல்லாலயே கயித்தக் கடிச்சி, கிளவுச பிச்சி எறிஞ்சிட்டு, இவரத் தூக்க ஓடியாந்தான். அந்தக் கும்பல்ல கிளவுசு எங்க போச்சின்னு யாருக்கும் தெரியல. அவன் கைய யாரும் ஊருக்குக் காட்டல. கண்ணாஸ்பத்திரியில மூணு நாளு பாத்துட்டு, எடது கண்ணு போச்சின்னு சொல்லிட்டாங்க.

எவனோ ஒருத்தன், "பல்லால கடிச்சி அவசரமா அவுத்தானே, உள்ள ஈயம் வெச்சிருந்தானோ"ன்னு ஒரு வார்த்த உட்டான். நான் அத்த கெட்டியா புடிச்சிக்கினேன். புடிச்சிக்காம இன்னா பண்றது சொல்லு. ஒத்தக் கண்ண வெச்சிக்கினு எடது பக்கம் வர்ற சைக்கிளு தெரியாம, டிராம் கம்பத்துல வண்டிய மோதிக்கினு வருவாரு. எட்டு மாசம் அவருக்கு எடது பக்கம் நான் குந்திக்கினு, "ஆளு வருது, பள்ளம் கீது"ன்னு சொல்லிக்கினே போவேன். குதிர வாருல பக்கிள் மாட்டக்கூட முடியாது. இங்க கீற ஓட்டைய அங்க தேடுவாரு. நான்தான் மாட்டணும். ஒவ்வொரு வாட்டி மாட்டும்போதும் "ஈயக்கை, ஈயக்கை"ன்னு பல்ல கடிப்பேன். எங்கூட்டுக்காரரு ஒண்ணும் பேச மாட்டாரு. தலய குனிஞ்சிக்குவாரு. என் மனுஷனுக்கு எவ்ளோ பொறுமன்னு நெனச்சேன்.

ஈயம்னு பேரு ஏறிட்டா அப்பால எவன் கயிறு கட்ட வருவான்? அடுத்த வருஷமும் இனாயத் பேரு குடுத்தான். கயித்துக்குள்ள ஏறி, ரெண்டு கையையும் நீட்டிக்கினு நின்னான். மொத மணி அடிச்சிது, ரெண்டாவது அடிச்சிது, மூணாவதும் அடிச்சிது. யாரும் வரல. எறங்கிப் போயிட்டான். அதுக்கு அடுத்த வருஷமும் வந்தான். நாலு வருஷம், நாலு வாட்டி. நான் வண்டி மேல நின்னுக்கினு கை தட்டினேன். வெக்கமா கீது இப்ப சொல்ல, ஆனா தட்டினேன்.

முப்பத்தஞ்சாம் வருஷம் வேதாந்தம் சாமி அவனக் கூப்பிட்டு, "வயசு முப்பத்தஞ்சு தாண்டறதுடா, இதான் கடைசி, அடுத்த வருஷம் உன் பேர எழுதிக்க மாட்டேன்"னுட்டாரு. எதிராளி மண்ணாங்கட்டி, அடையாறு கரையில வல போடற பையன், இருவத்திரெண்டு வயசு, காளை மாதிரி இருப்பான். அவன் ஒரே பேச்சா சொல்லிட்டான்: "பஞ்சாட்சரம் அண்ணன் வந்து கட்டினா நான் சண்ட போடறேன். வேற எவன் கட்டினாலும் எனக்கு சம்மதம் கெடையாது."

போட்டிக்கு மொத நாளு காலையில இனாயத் பொஞ்சாதி ஹமீதுன்னிசா எங்க குடிசைக்கு வந்தா. கறுப்பு துப்பட்டி போத்திக்கினு வாசல்ல நின்னா. உள்ள வான்னு நான் சொல்லல.

"அக்கா, உங்க ஊட்டுக்காரர ஒரு தடவ அனுப்புங்க. கயிறு கட்டினா போதும்"னா.

"இன்னாத்துக்கு? மிச்சம் கீற கண்ணையும் நோண்டவா?"

"அவருக்கு ஜெயிக்கணும்னு இல்லக்கா. யாராவது கட்டி, யாராவது அவுத்து, அந்தக் கைய ஊருக்குக் காட்டணும். அவ்ளோதான். ராவெல்லாம் தூங்காம கையையே பாத்துக்கினு குந்தியிருக்காரு. எனக்கு பயமா இருக்குக்கா."

"பயப்படு. நல்லா பயப்படு. நான் அஞ்சு வருஷமா படல?"

அவ அழுவல. என் காலாண்ட குனிஞ்சா. நான் பின்னால நவுந்துக்கினேன். "போ, போயிடு, வாயில நல்லா வந்துடும்"னு கத்தினேன். அவ போனப்புறம் உள்ள திரும்பினா, எங்கூட்டுக்காரரு குதிர வார மடியில போட்டுக்கினு குந்தியிருந்தாரு. எல்லாத்தயும் கேட்டுக்கினு இருந்திருக்காரு. மொகம் வெளுத்து கெடந்திச்சி.

"இன்னாய்யா?"ன்னேன்.

"ஒண்ணுமில்ல"ன்னாரு.

மறுநாளு சாயங்காலம் மாங்கொல்லையில எள்ளு போட்டா எள்ளு உழாது, அவ்ளோ ஜனம். நானும் போனேன். அஞ்சாவது வாட்டியும் அவன் தல குனிஞ்சி எறங்கிப் போறத பாக்கணும் எனக்கு. எங்கூட்டுக்காரரு என் கூட வரல. வேலியாண்ட தனியா நின்னுக்கினு இருந்தாரு.

இனாயத் ஏறினான். காதோரம் நரச்சிப் போச்சி. வேதாந்தம் சாமி கிளவுச எடுத்து அவன் முன்னாடி பலகையில வெச்சாரு. கைய நீட்டினான். மொத மணி அடிச்சிது.

ஒருத்தரும் நவுரல. நான் எங்கூட்டுக்காரரையே பாத்தேன். வேலி கழியப் புடிச்சிக்கினு இருந்தாரு. அந்தப் பக்கம் எவனோ "எறங்குடா ஈயக்கை"ன்னு கத்தினான். நாலு பேரு சிரிச்சாங்க. ரெண்டாவது மணி அடிச்சிது.

அப்பத்தான் இனாயத் வாயத் தொறந்தான். அஞ்சு வருஷத்துல கயித்துக்குள்ள நின்னு அவன் பேசினதே அன்னிக்கித்தான்.

"அல்லா மேல சத்தியமா ஈயம் இல்ல. இலவம் பஞ்சு. இருக்கிறதுலயே ஒசந்த பஞ்சுன்னு அத்த அடைச்சேன். மெத்தயில பஞ்சு ஒதுங்காம இருக்க அங்கங்க ஊசி ஓட்டி முடிச்சி போடுவோம். இதுல போடல. நூலு முடிச்சி மொகத்த கீறிடும்னு உட்டுட்டேன். அடி உழ உழ பஞ்சு பொடிஞ்சி ஓரமா ஒதுங்கிடிச்சி." அவனுக்கு மூச்சு வாங்கிச்சி. "அதோட உட்டா நான் நல்லவன். ஆனா கேளுங்க. நாலாவது ரவுண்டுல என் எலும்பு பஞ்சாட்சரம் அண்ணன் மொகத்துல நேரா படுது. எனக்குத் தெரிஞ்சிது. சாமியாண்ட சொல்லி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. ஜெயிச்சிக்கினு இருந்தேன். தெரிஞ்சே அடிச்சேன். இத்த சொல்ல அஞ்சு வருஷம் எனக்கு வாய் வரல."

ஐயோ, அப்ப எழும்பின கூச்சல் இன்னும் என் காதுல கீது. செருப்பு பறந்திச்சி. ஒண்ணு அவன் தோள்ல பட்டுது, அவன் நவுரல. எனக்கு ஒடம்பு பூரா பத்திக்கிச்சி. வேலிய தாண்டினேன், பொடவ கிழிஞ்சிது, கிழியட்டும்னு ஓடினேன். அவன் தலமயிரப் புடிச்சி இழுத்துப் போட்டு மிதிக்கணும், வேற நெனப்பே இல்ல எனக்கு.

எனக்கு முன்னாடி எங்கூட்டுக்காரரு கயித்தத் தூக்கிக்கினு உள்ள நொழஞ்சிட்டாரு.

"கம்முனு இருங்கடா!"ன்னாரு. அந்தக் கொரல நான் ரொம்ப வருஷமா கேக்கல. "ரெண்டு ஜோடி கிளவுசையும் ஒரே ஆளு அடைச்சான், ஒரே பஞ்சு அடைச்சான். அவன் கிளவுசுல ஒதுங்கின பஞ்சு என்னுதுல ஒதுங்காதா? அஞ்சு வருஷத்துல ஒருத்தனாவது கேட்டீங்களாடா? எனக்கு மூணாவது ரவுண்டுலயே தெரிஞ்சிபோச்சி. இவனுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். நானும் நிறுத்தல. இன்னிக்கி இவன் மூஞ்ச ஒடச்சிடலாம்னுதான் அடிச்சேன். என் குத்து அவன் கண்ணுல உழல. அவன் குத்து என் கண்ணுல உழுந்திச்சி. அவ்ளோதான்டா வித்தியாசம்."

கயித்துக்கு வெளிய நான் அப்பிடியே நின்னுட்டேன். இனாயத்த மறந்தே போனேன்.

"யோவ்"னேன். "அஞ்சு வருஷம்யா. தெனம் உன் எதிருலயே அவன திட்டினேனே. ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாய்யா உனக்கு?"

அவரு என்னப் பாக்கல. "நீ அவன திட்டத் திட்ட எனக்கு மொதல்ல சொகமா இருந்திச்சி சுலோ. அப்பால சொல்ல வெக்கமா போச்சி."

என் கைக்கு எட்டுற தூரத்துல இருந்தாரு. அடிச்சிருப்பேன். அதுக்குள்ள வேதாந்தம் சாமி கடிகாரத்தப் பாத்துக்கினு, "பஞ்சாட்சரம், கட்டறதுன்னா சீக்கிரம் கட்டு, மூணாவது மணிக்கு நேரமாறது"ன்னாரு.

எங்கூட்டுக்காரரு இனாயத் கைய திருப்பிப் பாத்தாரு, கிளவுச அமுக்கிப் பாத்தாரு, மாட்டினாரு. கயித்த ஓட்டையில உடப் போனாரு, அது பக்கத்துல போச்சி. மறுபடியும் உட்டாரு, மறுபடியும் தப்பிச்சி. ஒத்தக் கண்ணுக்கு ஓட்ட எங்க தெரியும்? சாமி மணியடிக்க சுத்திய எடுத்துட்டாரு. இனாயத் மொகத்த அன்னிக்கித்தான் கிட்ட பாத்தேன். கண்ணு குழி உழுந்து, ஒதடு காஞ்சி, பாக்க சகிக்கல.

நான் எப்பிடி உள்ள போனேன்னு எனக்கே தெரியாது. "நவுருய்யா"ன்னு எங்கூட்டுக்காரர தள்ளிட்டு கயித்தப் புடிச்சேன்.

"ஏண்டி, பொம்மனாட்டிகள்லாம் உள்ள வரப்படாதுன்னு தெரியாதோ? எதிராளி சம்மதிக்கணுமே"ன்னாரு சாமி.

"அந்தக்கா கட்டட்டும் சாமி"ன்னான் மண்ணாங்கட்டி. "ஊர்லயே இவர ரொம்ப வெறுக்கிறது அதுதான். அது கட்டினா எனக்கு எந்த சந்தேகமும் இல்ல."

கட்டினேன். அஞ்சு வருஷம் குதிர வாரு மாட்டின கை இது, முடிச்சி போட எனக்கு சொல்லித் தரணுமா? மொதல்ல அவன் கைய நானும் பாத்தேன். வெரலு நுனியெல்லாம் ஊசி குத்திக் குத்திக் காய்ப்பு. ரெண்டாவது கையில முடிச்சி இறுக்கும்போது மூணாவது மணி அடிச்சிது. "இறுக்கமா கீதா?"ன்னேன். "இன்னும் இறுக்குக்கா"ன்னான். அவன் கண்ணுல தண்ணி.

ஆறு ரவுண்டு சண்ட. அஞ்சு வருஷம் சண்டயே போடாத ஆளு, எதுக்க இருவத்திரெண்டு வயசு பையன். ரெண்டாவது ரவுண்டுலயே ஒதடு கிழிஞ்சிது. மூணாவதுல உழுந்தான், ஏழு எண்றதுக்குள்ள எழுந்தான். நாலாவதுல மறுபடி உழுந்தான். சாமி ஒண்ணு, ரெண்டுன்னு எண்றாரு. உழுந்து கெடந்தா கைய காட்ட மாட்டாங்க. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "எழுந்திருடா பாவி, எழுந்திருடா"ன்னு கத்தினேன். எட்டுல முட்டிய ஊனினான், ஒம்பதுல நின்னான். நான் கும்பிடாத சாமி இல்ல அப்போ. முண்டகக்கண்ணி அம்மன கூப்பிட்டேன், அப்பிடியே அவன் அல்லாவையும் கூப்பிட்டேன்.

அஞ்சும் ஆறும் அவன் குத்தவே இல்ல. கயித்து மேல சாஞ்சிக்கினு அடி வாங்கிக்கினு இருந்தான், ஆனா நின்னான். கடைசி மணி அடிச்சப்போ நின்னுக்கினு இருந்தான். தோத்துட்டான், அது வேற விஷயம். மண்ணாங்கட்டிக்குத்தான் ஜெயம்.

அவுக்கப் போனேன். வேர்வையில ஊறி முடிச்சி கல்லாயிடிச்சி. பல்லால கடின்னு எவனோ சொன்னான். "வாய மூடு"ன்னேன். நகம் ரெண்டு ஒடைஞ்சிது. ஒண்ண உருவினேன், இன்னொண்ண உருவினேன். அந்த ரெண்டு கையையும் மணிக்கட்டுல புடிச்சி என் தலைக்கு மேல தூக்கினேன். கெழக்க காட்டினேன், தெக்க காட்டினேன், மேற்க காட்டினேன். வடக்க திரும்பினா, வேலிக்கு வெளிய என் வண்டியாண்ட கறுப்பு துப்பட்டியோட ஹமீதுன்னிசா நின்னுக்கினு இருந்தா. அவளப் பாத்துக் கத்தினேன்: "வெறுங்கைம்மா! ஒண்ணுமே இல்ல, வெறுங்கை!" ஈயக்கைன்னு கத்தின அதே தொண்டதான். அன்னிக்கி அது கட்டிக்கிற வரைக்கும் கத்தினேன்.

எங்கூட்டுக்காரரோட ரெண்டு மாசம் பேசல. வாரு மட்டும் மாட்டி உடுவேன். அப்பால பேசினேன், இன்னா பண்றது, என் மனுஷன். அவரும் இனாயத்தும் இப்ப பழையபடி பீடி வாங்கிக் குடுத்துக்கிறாங்க.

ஆனா பாரு, பேரு போவல. நான் ஒருத்தி கத்தி ஏத்தின பேரு, நானே கத்தினாலும் எறங்க மாட்டேங்குது. இன்னிக்கும் மெத்த வாங்க வர்றவன் எல்லாம் ஈயக்கை பாய் கட எதுன்னுதான் கேக்குறான். அதனால கேக்குற ஒவ்வொருத்தனையும் நிறுத்தி, குந்த வெச்சி, இத்தன கதையும் சொல்லித்தான் அனுப்புறேன். மூணு வருஷமா சொல்லிக்கினு கீறேன். எத்தன பேராண்ட சொன்னேன்னு கணக்கு இல்ல.

சரி, எழுந்திரு. கச்சேரி ரோட்டுல நேரா போ. மசூதிக்கு அடுத்த சந்துல திரும்பு, ரெண்டாவது கட. உள்ள போயி, இனாயத் பாய்னு கூப்பிடு.